வேலையை விட்டுவிட்டு கோடிங் பூட்கேம்பில் சேரலாமா?

கேள்வி: கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 25. பி.எஸ்சி. கணிதம், 2021-இல் முடித்தேன். சம்பளம் 14,500 ரூபாய். ஆறு மாத ஆன்லைன் கோடிங் பூட்கேம்ப் ஒன்றில் சேரலாம் என்று இருக்கிறேன். ஒன்றுமே தெரியாமல் வந்தாலும் திரை முதல் சர்வர் வரை எல்லாம் எழுதும் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் ஆக்கிவிடுவோம், 100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ் உண்டு என்கிறார்கள். கட்டணம் 1,75,000 ரூபாய், இ.எம்.ஐ.யில் கட்டலாம். முழுநேர வகுப்பு என்பதால் வேலையை விட வேண்டும். வளையலை அடகு வைத்தாவது சேர்த்துவிடுகிறேன் என்கிறார் அம்மா. அப்பாவுக்கு இஷ்டமில்லை. சேர்ந்தால் நிஜமாகவே புரோகிராமர் வேலைக்குத் தயாராகிவிடுவேனா? புது லேப்டாப்பும் வாங்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: பாதி தயாராவீர்கள். உபயோகமான பாதிதான், ஆனால் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்ய வேண்டியது மற்ற பாதியை. அதனால் இந்த மாதம் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம். வளையலும் பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் சென்னையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். மாதம் மூன்று நான்கு பேரையாவது இன்டர்வியூ செய்கிறேன். அவர்களில் பூட்கேம்ப் முடித்தவர்கள் நிறைய. சிலரை எடுத்தும் இருக்கிறோம். அப்படிப் போன வருஷம் சேர்ந்த ஒரு பையனின் முதல் வாரத்தைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆறு மாதப் படிப்பு முடித்து வந்தவன். இணையப் பக்கத் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் அவனுக்குக் கை வந்த கலை. திரையில் என்ன வேண்டும் என்று சொன்னால் மதியத்துக்குள் அழகாகச் செய்து காட்டுவான். அவனுக்குக் கொடுத்த முதல் டிக்கெட், அதாவது சரிசெய்ய வேண்டிய புகார், இது: ஒரு பால் கடைக்காரருக்குத் தினசரி விற்பனைக் கணக்கு இடிக்கிறது. கல்லாவில் இருக்கும் தொகையும் எங்கள் ரிப்போர்ட் சொல்லும் தொகையும் ஒத்துவரவில்லை. ஒரு நாள் இருநூறு ரூபாய் கூட வருகிறது, மறுநாள் முந்நூறு குறைகிறது. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று புரியும்.

பையன் நேராகப் போய்த் தொகை கூட்டும் ஃபங்ஷனை, அதாவது அந்தக் கணக்கைச் செய்யும் கோட் துண்டைப் பிடித்தான். பழைய கோட், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். அழகாக இருந்தது. கணக்கு அப்படியே இடித்தது. மறுபடி எழுதினான். இரண்டு நாள் போய்விட்டது. மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "எழுதுவதை நிறுத்து. எந்தெந்த பில் தப்பான நாளில் விழுகிறது என்று ஒரு லிஸ்ட் எடு" என்றேன். அதற்கு டேட்டாபேஸில் ஒரு குவெரி, அதாவது தரவைக் கேட்கும் கட்டளை, போட வேண்டும். அவன் படித்ததெல்லாம் மாங்கோடிபி என்ற வேறு வகை டேட்டாபேஸ். இரண்டு டேபிளைச் சேர்த்து, டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் எழுதச் சொன்னதும் திணறினான். அதைச் சொல்லிக்கொடுத்து லிஸ்ட் எடுத்தோம். தப்பான நாளில் விழுந்த பில்கள் எல்லாமே காலை ஐந்தரைக்கு முன்னால் போட்டவை.

அவன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான். அப்புறம், "அண்ணா, அஞ்சரை..." என்று இழுத்தான். அதேதான். சர்வரில் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் போகிறது. 12-ஆம் தேதி காலை 4:40-க்கு இங்கே போட்ட பில், சர்வருக்கு 11-ஆம் தேதி இரவு 11:10. ரிப்போர்ட் தேதியைச் சர்வர் நேரத்தை வைத்து வெட்டியதால் இன்றைய விடிகாலை வியாபாரம் நேற்றைய கணக்கிலும், நாளைய விடிகாலை வியாபாரம் இன்றைய கணக்கிலும் விழுந்துகொண்டிருந்தது. மற்ற வாடிக்கையாளர்கள் ஒன்பது மணிக்கு ஷட்டர் தூக்குகிறவர்கள். அதனால் நான்கு வருஷமாக ஒருவர் கண்ணிலும் இது படவில்லை.

திருத்தம் ஒரே வரி. ஆனால் வேலை அத்தோடு முடியவில்லை. அதே ஃபங்ஷனை வேறு யார் கூப்பிடுகிறார்கள் என்று தேடினால் ஜிஎஸ்டி மாதக் கணக்கும் கூப்பிடுகிறது. ஒன்றாம் தேதி விடிகாலை போட்ட பில் போன மாதக் கணக்கில் போயிருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளை என்ன செய்வது, கடைக்காரருக்கு எப்படிச் சொல்வது, இதே தப்பு திரும்ப வராமல் இருக்க என்ன டெஸ்ட் எழுதுவது? இத்தனையும் முடித்து அவன் அனுப்பிய கோடைப் படித்துவிட்டு இரண்டு சீனியர்கள் ஆளுக்கு நான்கு கேள்வி கேட்டார்கள். ஒரு வரித் திருத்தத்துக்கு முழுதாக ஒரு வாரம்.

பூட்கேம்புகள் சொல்லிக்கொடுப்பதில் தப்பு இல்லை. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், மாங்கோடிபி என்று வரிசையாகப் போகும். கடைசியில் ஒரு ப்ராஜெக்ட்: சாப்பாடு டெலிவரி செய்யும் செயலி மாதிரி ஒன்று, படம் பார்க்கும் தளம் மாதிரி ஒன்று. எல்லாமே காலி ஃபைலில் தொடங்கி நீங்களே எழுதுவது. வேலையில் காலி ஃபைல் எப்போதாவதுதான் கிடைக்கும். எவனோ எழுதி, எவளோ திருத்தி, இருவருமே வேறு கம்பெனிக்குப் போய்விட்ட ஒரு லட்சம் வரிகளுக்கு நடுவில்தான் உங்களை இறக்கிவிடுவார்கள். அதைப் படிக்க வேண்டும், சந்தேகப்பட வேண்டும், தப்பு எங்கே என்று குறுக்கிக் குறுக்கிக் கொண்டுவர வேண்டும். ஆறு மாத சிலபஸில் இதற்கு இடமும் கிடையாது, இதைக் காட்டி விளம்பரமும் செய்ய முடியாது.

அதனால் இன்டர்வியூவில் நான் ஒரு சின்ன வேலை செய்வதுண்டு. வந்தவர் ரெஸ்யூமில் போட்டிருக்கும் ப்ராஜெக்டையே அவர் லேப்டாப்பில் திறக்கச் சொல்வேன். அவரைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு ஒரே ஒரு வரியை மாற்றிவைப்பேன். திரும்பி வந்து ஓட்டினால் ஓடாது. அரை மணி நேரம் கொடுப்பேன். கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எப்படித் தேடுகிறார் என்றுதான் பார்க்கிறேன். எரர் மெசேஜை முழுசாகப் படிக்கிறாரா, அல்லது சிவப்பைக் கண்டதும் கண்டதையெல்லாம் மாற்ற ஆரம்பிக்கிறாரா? வகுப்பில் சார் டைப் செய்வதைப் பார்த்துப் பார்த்து டைப் செய்தவர்கள் இங்கே ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடுவார்கள். சொந்த ப்ராஜெக்டிலேயே எந்த ஃபைலைத் திறப்பது என்று தெரியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

இப்போது ஏஐ வேறு. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பூட்கேம்பில் மூன்றாம் மாதம் செய்யும் ப்ராஜெக்டை அது பேச்சுக்கு நடுவில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அது எழுதியதில் பால் கடைப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் கோட் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புதியவர்களுக்கு முன்பு கொடுத்த சில்லறை வேலைகள் குறைந்துவிட்டன என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இந்த வியாபாரம் நமக்குப் புதிதில்லை. 90-களின் கடைசியில் ஊருக்கு ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. பி.ஜி.டி.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தால் அமெரிக்கா என்றார்கள். சிலர் போகவும் போனார்கள். 'பூட்கேம்ப்' என்ற பெயரும் வடிவமும் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்தவை. சான் பிரான்சிஸ்கோவில் 2012-இல் டெவ் பூட்கேம்ப் என்ற பள்ளி தொடங்கியது, அதைப் பார்த்து நூற்றுக்கணக்கானவை முளைத்தன. அந்த முதல் பள்ளியே 2017 கடைசியில் மூடப்பட்டுவிட்டது.

அந்த 2017-இல்தான் லாம்டா ஸ்கூல் என்ற இன்னொரு பூட்கேம்ப் தொடங்கியது. முதலில் பணம் வேண்டாம், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பின்னால் புளூம்டெக் என்று பெயர் மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீத மாணவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் வேலை என்று விளம்பரம் செய்திருக்கிறார்கள், அவர்களுடைய உள் கணக்கிலோ அது 50-ஐ ஒட்டி இருந்து 30 வரைக்கும் இறங்கியிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. கடனே இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமும் கடன்தான் என்று அந்த அமைப்பு சொன்னது.

சதவீதம் எப்படி ஊதுகிறது என்று கணிதம் படித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் ஒரு உதாரணம். நூறு பேர் சேர்கிறார்கள் என்று வையுங்கள். அறுபது பேர் முடிக்கிறார்கள். அவர்களில் அட்டெண்டன்ஸ், மாக் இன்டர்வியூ எல்லாம் தேறி, 'பிளேஸ்மென்டுக்குத் தகுதியானவர்' என்ற பட்டியலில் வருகிறவர்கள் நாற்பது. அதில் முப்பது பேருக்கு வேலை கிடைக்கிறது. விளம்பரத்தில் 75%. சேரப்போகிற உங்களுக்கு அது 30%. அந்த முப்பதில் எத்தனை பேர் டெவலப்பர், எத்தனை பேர் கஸ்டமர் சப்போர்ட் என்பது தனிக் கதை. உங்களிடம் சொன்ன '100% பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்' இதைவிடக் கெட்டிக்காரத்தனம். அசிஸ்டன்ஸ் என்றால் உதவி. நூறு பேருக்கும் வேலை விளம்பர லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 100% உதவி ஆகிவிட்டது.

சரி, முடித்த பிறகு கரூர் பெண்ணை யார் வேலைக்கு எடுப்பார்கள்? பெரிய ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் கல்லூரிக்கே போய் ஆள் எடுத்து, தாங்களே மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கின்றன. இன்ஃபோசிஸின் மைசூர் வளாகம் அதற்கென்றே இருக்கிறது. வெளியிலிருந்து எடுக்கும்போதும் எந்த வருஷம் பாஸ் என்று கேட்பார்கள். 2021 என்றால் அந்தக் கதவுகள் அநேகமாகச் சாத்தியிருக்கும். மிச்சம் எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள், ஸ்டார்ட்அப்கள். நாங்கள் பாஸான வருஷத்தைப் பார்ப்பதில்லை, பூட்கேம்ப் சான்றிதழையும் பார்ப்பதில்லை. அந்த அரை மணி நேரத் தேடலைத்தான் பார்க்கிறோம்.

வேலை கிடைக்காமல் மாதங்கள் ஓடினால், இரண்டு வருஷ அனுபவம் இருப்பதாக ரெஸ்யூமில் போட்டுத் தருகிறோம், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரும் தருகிறோம் என்று ஒரு ஆள் வருவார். அந்தப் பக்கமே போகாதீர்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் எந்த மாதம் எந்த நிறுவனத்தில் இருந்தீர்கள் என்பது யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணின் கணக்கில் அப்படியே பதிவாகியிருக்கும். பின்னணிச் சரிபார்ப்பு செய்கிறவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். கரூர் ஜவுளி நிறுவனத்தில் இருந்த அதே மாதங்களில் பெங்களூரில் டெவலப்பராக இருந்ததாகச் சொல்ல முடியாது.

பண விஷயம். இந்தப் படிப்பின் விலை 1,75,000 இல்லை. ஆறு மாதச் சம்பளம் 87,000 போகிறது, ஆக 2,62,000. முடித்த கையோடு யாருக்கும் வேலை வராது. தேட நான்கு மாதம் என்று வைத்தால் இன்னொரு 58,000. மொத்தம் 3,20,000. இ.எம்.ஐ. என்று அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன்தான். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும், நீங்கள் ஃபைனான்ஸுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். வகுப்பு பிடிக்கவில்லை என்று மூன்றாம் மாதம் நின்றால் வகுப்புதான் நிற்கும், இ.எம்.ஐ. நிற்காது. தவணை தவறினால் சிபில் ஸ்கோரில் அடி. பதினெட்டு மாதத் தவணை, வட்டியே இல்லை என்று வைத்தாலும் மாதம் 9,700-க்கு மேல். இது உங்கள் இன்றைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அப்பாவுக்கு ஏன் இஷ்டமில்லை என்று எனக்குப் புரிகிறது.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களிடம் இருப்பதும், வருகிற பெரும்பாலான பிள்ளைகளிடம் இல்லாததும் ஒன்று உண்டு. கணக்கு ஏன் இடிக்கிறது என்று தேடிப் பழகிய கை உங்களுடையது. இன்வாய்ஸில் 480 பீஸ், பேக்கிங் லிஸ்டில் 468 என்றால் எந்தப் பெட்டியில் அந்தப் பன்னிரண்டு போனது என்று நீங்கள் தேடியிருப்பீர்கள். அதே தேடல்தான் எங்கள் வேலையும்.

அதனால் வேலையில் இருந்துகொண்டே பத்து வாரம் காலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரியாக்ட் பக்கம் போகாதீர்கள், பைத்தான் மொழியும் எஸ்கியூஎல்லும் போதும். என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் இருக்கிறது. எட்டு வாரம், இலவசம். கொஞ்சம் கடினம்தான், ஆனால் கணிதம் படித்தவருக்குப் பிடிக்கும். எஸ்கியூஎல்லுக்குக் கணியம் தளத்தில் தமிழிலேயே இலவச மின்னூல் கிடைக்கிறது. ஆங்கில வீடியோ ஓடும் வேகத்தில் புரியவில்லை என்றால் முதலில் அதைப் படியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் வாரத்திலிருந்து ஒரே ஒரு வேலை. இன்வாய்ஸ் எக்செல் ஒன்று, பேக்கிங் லிஸ்ட் எக்செல் ஒன்று. இரண்டையும் படித்து, எந்த ஸ்டைல், எந்தக் கலர், எத்தனை பீஸ் வித்தியாசம் என்று பட்டியல் போடும் ஒரு புரோகிராம் எழுதுங்கள். ஆபீஸ் ஃபைலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், சாட்ஜிபிடியிலும் போடாதீர்கள். அதே மாதிரி பொய்த் தரவு நீங்களே உருவாக்குங்கள். எழுத ஆரம்பித்ததும் சிக்கல்கள் வரிசையாக வரும். ஒரு ஃபைலில் 'நேவி புளூ', இன்னொன்றில் 'நேவி'. ஓரிடத்தில் எண்ணுக்குப் பின்னால் ஒரு இடைவெளி, கண்ணுக்கே தெரியாது. அதனால் புரோகிராம் அதை எண்ணாகப் பார்க்காமல் வெறும் எழுத்தாகப் பார்க்கலாம். ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொண்டு மூன்று நாள் முழிப்பீர்கள். முழியுங்கள். பதிலை உடனே ஏஐயிடம் கேட்காமல், அந்த வரியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பிரின்ட் போட்டுப் பாருங்கள். நாலு மணி நேரம் கழித்தும் வரவில்லை என்றால் கேளுங்கள், கேட்ட பிறகு அது ஏன் சரி என்று நோட்டில் எழுதிவையுங்கள். கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் கிட் கருவியைக் கற்றுக்கொண்டு தினமும் கோடைச் சேமித்துவாருங்கள்.

பத்து வாரம் கழித்து உங்களுக்கே தெரிந்துவிடும். ராத்திரி படுக்கும்போது அந்த பக், அதாவது கோடில் இருக்கும் தப்பு, மண்டையில் ஓடுகிறது, காலையில் அலாரத்துக்கு முன்னால் எழுந்து போய்ப் பார்க்கிறீர்கள் என்றால் இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவரும். ஐந்தாம் வாரமே லேப்டாப்பைத் திறக்க மனசு வரவில்லை என்றால் 3,20,000 மிச்சம். அப்போதும் எஸ்கியூஎல் வீணாகாது. கம்பெனியின் கணக்கு, சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் இ.ஆர்.பி. மென்பொருள் செய்யும் நிறுவனங்களுக்கு ஏற்றுமதிக் கணக்கு தெரிந்த ஆள் வேண்டும், கோட் எழுதாமலே அங்கே போகலாம்.

அதற்குப் பிறகும் பூட்கேம்பில் சேரத் தோன்றினால் சேருங்கள், அப்போது அதன் முழுப் பலனும் கிடைக்கும். தினமும் உட்கார வைக்கும் ஒரு கட்டாயம், கூடப் படிக்கும் நாலு பேர், உங்கள் கோடைப் படித்துத் திட்டும் ஒரு ஆள், இந்த மூன்றுக்குத்தான் அங்கே பணம். மூன்றாவது நிஜமாக உண்டா என்று பாருங்கள். "என் கோடை வாரம் எத்தனை தடவை ஒரு மனிதர் வரி வரியாகப் படிப்பார்? ஒரு மென்டருக்கு எத்தனை மாணவர்?" என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். அவர்கள் காட்டும் சாதனையாளரிடம் பேசாதீர்கள். லிங்க்ட்இன்னில் அந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடி, எட்டு பத்து மாதம் முன்னால் முடித்த மூன்று பேரை நீங்களே பிடித்துப் பேசுங்கள். வேலையை விடாமல் மாலை நேரம், சனி ஞாயிறு படிக்கும் பேட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்றைக்குச் சேர்ந்தால் பத்தாயிரம் தள்ளுபடி, நாளைக்கு இல்லை என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், அடுத்த வாரமும் அந்தத் தள்ளுபடி இருக்கும். கையெழுத்துப் போடும் முன் கடன் கொடுப்பது யார் என்று கேட்டு, வட்டியும் கட்டணங்களும் அடங்கிய கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். டிஜிட்டல் கடனுக்கு அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அபராதமில்லாமல் கடனிலிருந்து விலக எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதில் இருக்கும்.

லேப்டாப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புதிது வேண்டாம். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க் இருக்கும் பழைய ஆபீஸ் லேப்டாப் ஒன்று போதும். வாங்கும்போது கீபோர்டில் ஒவ்வொரு பட்டனையும் தட்டிப் பாருங்கள். முக்கியமாகச் செமிகோலன், சதுர அடைப்புக்குறி பட்டன்கள். ஆபீஸில் இருந்த மெஷின்களில் அவற்றை யாரும் தட்டியே பார்த்திருக்க மாட்டார்கள், வேலை செய்யவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.